பண்புகளை அறிவித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வாரந்தோறும் வரும் இணைய நிரலாக்கத் தொடரை முதல் பகுதியிலிருந்தே படித்து வருகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளவும் செய்கிறேன். தமிழில் இப்படி ஒன்றைத் தொடங்கியதற்கு நன்றி எழுத வேண்டும் என்று பல வாரங்களாக நினைத்திருந்தேன். அதற்குள் சென்ற வாரப் பகுதி வந்துவிட்டது. நன்றியோடு ஒரு மறுப்பையும் சேர்த்து எழுத வேண்டியதாகிவிட்டது. கடிதம் நீண்டுபோனதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பகுதியில், இணையத்தளங்களை இயக்கும் நிரல்களை எழுத உதவும் பிஎச்பி மொழியில் 'மாணவர்' என்று ஒரு கிளாஸ் எழுதிக் காட்டியிருந்தார்கள். கிளாஸ் என்பது பொருள்களை வார்த்தெடுக்கும் அச்சு; அப்படி வார்த்த ஒவ்வொரு பொருளும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் விவரம்தான் பண்பு. (வகுப்பு என்று தமிழில் எழுதவே ஆசை. ஆனால் கீழே பள்ளிக்கூடக் கதை ஒன்று வருகிறது. எது எந்த வகுப்பு என்று குழம்பும். அதனால் கிளாஸ் என்றே எழுதுகிறேன்.) அந்தக் கிளாஸுக்குள் எந்தப் பண்பும் அறிவிக்கப்படவில்லை. கன்ஸ்ட்ரக்டருக்குள் (பொருள் உருவாகும்போது தானாக ஓடும் பகுதி) நேரே பெயர், ஊர், மதிப்பெண் என்று மூன்று பண்புகளுக்கு மதிப்பு இட்டிருந்தார்கள். கீழே ஒரு விளக்கமும் இருந்தது. பிஎச்பியில் பண்புகளை முன்னதாக அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, மதிப்பை இட்டவுடன் தானாக உருவாகிவிடும், இது அந்த மொழி தரும் வசதி என்று அதில் எழுதியிருந்தது.

வசதி என்று சொன்னதைத்தான் மறுக்கிறேன். அந்த வசதியால் ஒரு சிறுமி பள்ளிக்கூடத்தில் தலைகுனிந்து நின்றதை எனக்குத் தெரியும். அந்த நிரலை எழுதியவள் நான்.

2003இலிருந்து விருதுநகரில் இணைய நிரல்கள் எழுதி வருகிறேன். பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. ஒரு மாடி அறை, மூன்று மேசை. எண்ணெய் ஆலை, அச்சகம், பள்ளிக்கூடம், கூட்டுறவுப் பண்டகசாலை என்று சுற்றுவட்டாரத்தில் கேட்பவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறோம். எங்கள் மாவட்டத்துப் பள்ளி ஒன்றுக்குக் கட்டண நிரல் எழுதிக் கொடுத்திருந்தோம். அதில் மாணவர் கட்டணத்துக்கு ஒரு கிளாஸ். அதன் பண்புகளை நான் ஒழுங்காகவே அறிவித்திருந்தேன்: மொத்தக் கட்டணம், செலுத்தியது, சலுகை. சலுகைக்குத் தொடக்க மதிப்பு சுழியம்.

எங்கள் நிரல்களில் பண்புகளின் பெயர்கள் தமிழ்ச் சொற்களாகத்தான் இருக்கும், ஆங்கில எழுத்தில் எழுதியவை. பள்ளி எழுத்தரோடு பேசும்போது அவர் சொல்லும் சொல்லே நிரலிலும் இருந்தால் எங்களுக்குக் குழப்பம் இல்லை. சலுகை என்பதில் வரும் 'கை'க்கு நான் 'ஜி' எழுத்தைப் போட்டிருந்தேன். இரண்டு ஆண்டு கழித்து எங்களோடு சேர்ந்த தம்பி ஒருவர் சலுகை வழங்கும் பக்கத்தை எழுதினார். அவர் 'கே' போட்டார். அவர் பள்ளியில் அப்படித்தான் எழுதிப் பழகியவர். அவர் எழுதியதும் சரி, நான் எழுதியதும் சரி. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு எங்கே விதி இருக்கிறது?

இப்போது நடந்ததைப் பாருங்கள். தலைமையாசிரியர் ஒரு மாணவிக்கு 6,000 ரூபாய் சலுகை கொடுக்கிறார். எழுத்தர் அந்தத் தொகையைத் தட்டி, சேமி என்ற பொத்தானை அழுத்துகிறார். நிரல் 'கே' போட்ட பண்பில் 6,000 என்று எழுதுகிறது. அப்படி ஒரு பண்பு கிளாஸில் இல்லை. பிஎச்பி என்ன செய்ய வேண்டும்? இல்லாத இடத்தில் எழுதுகிறாயே என்று நிறுத்தியிருக்க வேண்டும். அது நிறுத்தவில்லை. அந்தப் பெயரில் ஒரு புதுப் பண்பை அந்த நொடியில் உண்டாக்கி, 6,000 ரூபாயை அதில் வைத்துக்கொண்டது. அடுத்த வரியில் கிளாஸின் சேமிக்கும் செயற்கூறு, அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல்துண்டு, ஓடுகிறது. அதற்குத் தெரிந்தது 'ஜி' போட்ட சலுகை மட்டும். அதில் இருப்பது சுழியம். தரவுத்தளத்துக்குச் சுழியம் போனது.

திரையில் என்ன வந்தது என்றால், 6,000 ரூபாய் சலுகை சேமிக்கப்பட்டது என்று பச்சை நிறத்தில் வந்தது. ஏனென்றால் அந்தப் பக்கம் 'கே' போட்ட பண்பையே திரும்பப் படித்துக் காட்டியது. எழுத்தர் பார்த்தார், மனம் நிறைந்து பக்கத்தை மூடினார். மூடியவுடன் அந்த 6,000 ரூபாய் மறைந்துவிட்டது.

இது 2018 ஆகஸ்டில் நடந்தது. காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் கட்டண பாக்கி உள்ளோர் பட்டியலை அச்செடுத்து, காலை வணக்கக் கூட்டத்தில் பெயர்களைப் படித்திருக்கிறார்கள். அப்படிப் படிப்பது சரியா என்பது வேறு பேச்சு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் வந்ததற்குக் காரணம் என் நிரல். ஒன்பதாம் வகுப்புப் பெண். தந்தை சுமை தூக்குபவர். மொத்தக் கட்டணம் 14,000. சலுகை போக மீதி 8,000 ரூபாயை மூன்று தவணையில் கட்டி முடித்திருந்தார்கள். பட்டியலில் 6,000 ரூபாய் பாக்கி என்று இருந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணின் தாயார் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சலுகைக் கடிதத்தையும் மூன்று ரசீதுகளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். எழுத்தர் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா அலுவலக அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். யாரையும் திட்டவில்லை. கடிதத்தை என்னிடம் நீட்டி, இது செல்லும்தானே அம்மா என்று மட்டும் கேட்டார். கடிதம் செல்லும், தவறு எங்களுடையது என்று சொன்னேன். அதற்குமேல் அப்போது என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. தவறு எங்கே என்று இன்னும் எனக்கே தெரியாது.

கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. பிழைச்செய்தி எதுவும் இல்லாததால் எங்கே தேடுவது என்றே தெரியவில்லை. தரவுத்தளம், படிவம், எழுத்தர் தட்டிய விதம் என்று ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் சேமிப்பதற்கு முந்தைய வரியில் அந்தப் பொருளை அப்படியே திரையில் கொட்டச் செய்தேன். பண்புக்கு ஒன்றாக நான்கு வரி வந்தது. மூன்றாவது வரியில் 'ஜி' போட்ட சலுகை, மதிப்பு 0. நான்காவது வரியில் 'கே' போட்ட சலுகை, மதிப்பு 6000. ஒன்றன் கீழ் ஒன்றாக, ஓரெழுத்து வேறுபாட்டில். இரண்டு முறை படித்த பிறகே கண்ணில் பட்டது. அந்த ஆண்டு சலுகை பெற்ற 23 பிள்ளைகளுக்கும் கணக்கில் சுழியம்தான் இருந்தது. மற்றவர்கள் இன்னும் பட்டியலுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

என் தந்தை மிளகாய் வத்தல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதியவர். சித்திரை முதல் நாள் புதுக்கணக்குப் போடும்போது பேரேட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவி, பிறகு ரூல்தடியை வைத்துக் கோடு கிழிப்பார். தேதி, விவரம், பக்கம், பற்று, வரவு, நிலுவை என்று தலைப்பு எழுதுவார். தலைப்பு எழுதாத பக்கத்தில் ஒரு தொகையும் ஏறாது. புதிதாக வந்த பையன் ஒருவர் ஒரு முறை தரகுத் தொகையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டார். மாலையில் கூட்டும்போது கணக்கு இடித்தது. ஓரத்தில் எழுதிய தொகை கூட்டலில் வராது அல்லவா? அப்பா அந்தப் பையனைக் கடிந்துகொள்ளவில்லை. தரகு என்று ஒரு பத்தியைத் தானே முதலில் போட்டிருக்க வேண்டும் என்றார். அன்று பள்ளி அலுவலகத்தில் அந்த நான்காவது வரியைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பென்சில் எழுத்துதான் நினைவுக்கு வந்தது.

பண்பை அறிவிப்பது என்பது பத்திக்குத் தலைப்பு எழுதுவது. தொடரில் அதைச் சடங்கு போலச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். மாணவர்களுக்கு அதன் வேலை என்ன என்று யாராவது சொல்ல வேண்டும்.

பிஎச்பி பிறந்த கதை தெரிந்தால் இந்தத் தளர்வு எங்கிருந்து வந்தது என்று புரியும். ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் சொந்தப் பக்கங்களுக்காகச் செய்துகொண்ட சிறு கருவிகளை 1995இல் வெளியிட்டார். கிளாஸ், பொருள் எல்லாம் பின்னால் ஒட்டவைத்தவை. நான் கற்றுக்கொண்டபோது பதிப்பு 4 நடப்பில் இருந்தது. பண்பை அறிவிக்க 'வார்' என்று ஒரே சொல். எல்லாப் பண்பும் எல்லாருக்கும் திறந்தே கிடக்கும். 2004 ஜூலையில் பதிப்பு 5 வந்தபோதுதான் பப்ளிக் (எல்லாருக்கும் திறந்தது), புரொடெக்டட் (கிளாஸுக்கும் அதன் வழிவந்தவற்றுக்கும் மட்டும்), பிரைவேட் (அந்தக் கிளாஸுக்குள் மட்டும்) என்ற மூன்றும் வந்தன. பண்புக்கு எண்ணா எழுத்தா என்று வகை குறிப்பிடுவதற்கு 2019 நவம்பர் வரை, பதிப்பு 7.4 வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அறிவிக்காத பண்பை உண்டாக்கினால் எச்சரிக்கை என்பது 2022 டிசம்பரில் பதிப்பு 8.2இல்தான் வந்தது. ஆகவே 2018இல் என் நிரல் வாய் திறக்காமல் இருந்ததற்கு மொழியும் ஒரு காரணம். ஆனால் இப்போது அந்தச் சாக்கு யாருக்கும் இல்லை. தாங்கள் வெளியிட்ட அந்த 'மாணவர்' கிளாஸைப் பதிப்பு 8.2இலோ அதற்குப் பின்னால் வந்தவற்றிலோ ஓட்டினால் மூன்று எச்சரிக்கைகள் வரும், ஒரு பண்புக்கு ஒன்றாக. அடுத்த பெரிய பதிப்பான 9இல் எச்சரிக்கையோடு நிற்காமல் பிழையாகவே ஆக்கி ஓட்டத்தை நிறுத்துவது என்று அந்த மொழியை வளர்ப்பவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். இன்று தொடரைப் படித்துக் கற்றுக்கொள்ளும் பிள்ளை நாளை வேலைக்குப் போகும் இடத்தில் இதே பழக்கத்தோடு போய் நிற்கக் கூடாது.

சலுகைச் சிக்கலுக்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். 8.2 வராத காலத்தில் செய்தது. இப்போதும் அதையே செய்கிறோம்.

முதலில் பணத்தைத் தொடும் எல்லாப் பண்புகளையும் பிரைவேட் ஆக்கினோம். வெளிப்பக்கம் எதுவும் சலுகைப் பண்பில் நேராக எழுத முடியாது; சலுகை கொடு என்ற செயற்கூறை அழைத்துத்தான் ஆக வேண்டும். இதில் ஒரு நன்மை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. இல்லாத பண்பில் எழுதினால் அந்தக் காலத்துப் பிஎச்பி பேசாமல் உண்டாக்கிக் கொடுக்கும். இல்லாத செயற்கூறை அழைத்தால் அங்கேயே அலறி நின்றுவிடும். 'கே'யோ 'ஜி'யோ, செயற்கூறின் பெயரில் தவறினால் எழுதியவருக்கே முதல் ஓட்டத்தில் தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் வரை போகாது. பொருள்நோக்கு நிரலாக்கப் பாடத்தில் உள்ளிருப்பதை வெளியார் நேரே தொடாமல் மூடிவைப்பதை உறைபொதியாக்கம் என்று பெரிய சொல்லாகச் சொல்லித் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார்களே, அதன் பயன் எனக்கு அந்த வாரம்தான் விளங்கியது.

அடுத்து, எல்லாக் கிளாஸ்களுக்கும் பொதுவாக ஒரு காவல் வைத்தோம். அறிவிக்காத பண்பில் யாராவது எழுதினால் பிஎச்பி தானாக அழைக்கும் 'செட்' என்ற மாயச் செயற்கூறு ஒன்று உண்டு. அதற்குள் ஒரே வரி: இப்படி ஒரு பண்பு இல்லை என்று பிழை எழுப்பு. அதை நிறுவிய அன்று மாலைக்குள் பழைய நிரல்களில் வேறு நான்கு இடங்கள் அகப்பட்டன. ஒன்று போக்குவரத்துக் கட்டணம். ஒரு தெருவின் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டாகத் தவறான நிறுத்தத்தின் கட்டணம் போய்க்கொண்டிருந்தது.

பிறகு 7.4 வந்தது, வகைகள் வந்தன. வகை என்பது பத்திக்குக் கீழே 'ரூபாய்' என்று எழுதிவைப்பது போல. இந்தப் பண்பில் முழு எண்தான் வரும், இதில் எழுத்துச் சரம், இதில் தேதி என்று அறிவித்துவிடலாம். இதன் அருமை தெரிய வேண்டுமானால் காற்புள்ளியைப் பாருங்கள். எழுத்தர்கள் பழக்கத்தில் 1,500 என்று காற்புள்ளி வைத்துத்தான் தட்டுவார்கள். படிவத்திலிருந்து வருவது எண் அன்று, எழுத்துச் சரம். வகை இல்லாத பண்பு அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். அதோடு 200ஐக் கூட்டினால் பழைய பிஎச்பி காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் 1ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 201 என்று விடை சொல்லும். பதிப்பு 5இல் இதற்கு ஒரு முணுமுணுப்புக்கூடக் கிடையாது. ஆயிரத்து ஐநூறு ரூபாய் ஒரு ரூபாய் ஆகிவிட்டது! பண்பை முழு எண் என்று அறிவித்து, கோப்பின் தலையில் கண்டிப்பான வகைச் சோதனையைக் கேட்கும் வரியையும் சேர்த்துவிட்டால், எழுத்துச் சரத்தை அந்தப் பண்புக்குள் ஏற்றவே விடாது. காற்புள்ளியை நீக்கி, எண்ணாக மாற்றி, மாற்றியது சரியா என்று பார்த்துவிட்டு வா என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும்.

வகை குறித்த பண்பில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மாணவர்கள் இதைக் கண்டு பயந்துவிடுகிறார்கள், அதனால் சற்று நின்று சொல்கிறேன். வகை இல்லாத பண்பை அறிவித்து மதிப்பு தராமல் விட்டால் அதன் மதிப்பு 'நல்', அதாவது வெறுமை. வகை குறித்த பண்பை மதிப்பு தராமல் விட்டால் அதில் வெறுமைகூட இல்லை; இன்னும் எழுதப்படாத நிலை. அதைப் படிக்கப் போனால், தொடக்க மதிப்பு தருமுன் படிக்கக் கூடாது என்று பிழை வரும். என்னிடம் பழக வரும் பிள்ளைகள் உடனே ஓடிப்போய் எல்லாவற்றுக்கும் சுழியத்தைத் தொடக்க மதிப்பாகப் போட்டுப் பிழையை அமுக்கிவிடுவார்கள். வேண்டாம். சலுகை சுழியம் என்பதும் சலுகை இன்னும் தீர்மானிக்கப்படவில்லை என்பதும் வேறு வேறு. அப்பா பேரேட்டில் தொகை இல்லாத இடத்தில் ஒரு சிறு கோடு போடுவார்; எழுத மறந்த இடம் வெறுமையாக நிற்கும்; மாலையில் வெறுமையான கட்டங்களை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு போவார். 2018இல் நான் சலுகைக்குச் சுழியம் என்று தொடக்க மதிப்பு தராமல் இருந்து, மொழியில் அன்று வகையும் இருந்திருந்தால், சேமிக்கும் செயற்கூறு அந்த வெற்றுக் கட்டத்தைத் தொட்டதும் நிரல் நின்றிருக்கும். எழுத்தருக்கு எரிச்சல் வந்திருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலில் வந்திருக்காது.

இவ்வளவையும் எழுதக் கை வலிக்கும் என்று சொல்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2020 நவம்பரில் வந்த பதிப்பு 8.0இல் கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குறிக்குள்ளேயே பிரைவேட், வகை, பெயர் மூன்றையும் எழுதிவிட்டால் பண்பும் அறிவிக்கப்பட்டுவிடும், மதிப்பும் இடப்பட்டுவிடும். மூன்று இடத்தில் எழுதியது ஓரிடமாகச் சுருங்கிவிட்டது. அடுத்த ஆண்டு 8.1இல் 'ரீட்ஒன்லி' வந்தது. ரசீது எண் போன்ற, ஒரு முறை எழுதிய பிறகு யாரும் தொடக் கூடாத பண்புகளுக்கு அதைத்தான் வைக்கிறோம். 2024இல் வந்த 8.4இல் வெளியிலிருந்து படிக்கலாம், உள்ளே மட்டும்தான் மாற்றலாம் என்று ஒரே பண்புக்கு இரண்டு அனுமதி தரவும் வழி செய்துவிட்டார்கள். மொழி இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கும்போது பாடம் 2003இல் நிற்பது நியாயமா?

தொழிலில் இருப்பவர்களிடமும் ஒரு வருத்தம் உண்டு. 2023இல் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் பழைய நிரலை, நாங்கள் எழுதாதது, 8.2க்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். மாற்றிய முதல் இரவே பதிவுக் கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகள் சேர்ந்துவிட்டன. எல்லாம் அறிவிக்காத பண்பு உண்டாக்கப்படுகிறது என்ற ஒரே செய்தி, கிளாஸ் பெயரோடும் பண்பின் பெயரோடும். பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் 31தான். அந்த நிரலை முன்பு பராமரித்தவர் தந்த யோசனை, ஒவ்வொரு கிளாஸின் தலையிலும் அறிவிக்காத பண்புகளை அனுமதி என்ற ஒட்டுக்குறிப்பை வைத்துவிடலாம், அல்லது இந்த வகை எச்சரிக்கையையே அணைத்துவிடலாம் என்பது. அப்படி ஒரு ஒட்டுக்குறிப்பு மொழியில் இருப்பது உண்மைதான். உடனே திருத்த முடியாத பழைய நிரல்களுக்கு மூச்சு விட நேரம் தருவதற்காக அதை வைத்தார்கள். அதை நிரந்தரமாக ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். 31 பெயர்களையும் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 26 பண்புகள் வெறுமனே அறிவிக்க மறந்தவை. ஐந்து எழுத்துப்பிழைகள். அந்த ஐந்தில் ஒன்று வாடிக்கையாளர் திருப்பித் தர வேண்டிய முன்பணம். எச்சரிக்கையை அணைத்திருந்தால் அந்த முன்பணம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இன்னொன்று, தமிழில் எழுதுபவர்களுக்காகவே சொல்ல வேண்டியது. ஆங்கில எழுத்தில் எழுதுவதால்தானே 'கே', 'ஜி' சிக்கல், பண்பின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். வைக்கலாம். பிஎச்பியில் மாறியின் (ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயர்) முன்னால் டாலர் குறி வரும்; அதற்குப் பின்னால் தமிழ் எழுத்துகளை அது ஏற்றுக்கொள்கிறது. $சலுகை என்று எழுதினால் ஓடும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது அப்படித்தான் எழுதிக் காட்டுகிறேன். ஆனால் $தொகை என்று எழுதும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. 'தொ' என்பதில் வரும் குறியை, கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் பொது முறையான யுனிகோடில், ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நம் கண்ணுக்கு ஒரே சொல். பிஎச்பி பைட்டுகளை மட்டும் பார்க்கிறது. அதற்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். 'கே', 'ஜி' வேறுபாட்டையாவது கண்ணால் கண்டுபிடிக்கலாம், இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அறிவித்த பண்பு மட்டும்தான் செல்லும் என்ற கட்டுப்பாடு இருந்தால் கருவி நமக்காகக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். தமிழில் நிரல் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்தாம் பண்பு அறிவிப்பில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் எங்கள் மாடிக்கு வருகிறார்கள். அவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு தவறைத் தங்கள் தொடரிலும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம். பொருளின் பண்பைக் குறிப்பிடும்போது அம்புக்குறிக்குப் பின்னால் டாலர் குறி வரக் கூடாது. பழக்கத்தில் அங்கேயும் டாலரைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் பிஎச்பி அந்த மாறியின் மதிப்பை எடுத்து, அதையே பண்பின் பெயராக வைத்துக்கொள்கிறது. சென்ற மாதம் ஒரு மாணவி எழுதிய நிரலில் பெயர் என்ற மாறியில் கண்மணி என்று இருந்தது. பொருளைத் திரையில் கொட்டிப் பார்த்தால் 'கண்மணி' என்றே ஒரு பண்பு, அதன் மதிப்பும் கண்மணி. பெயர் என்ற பண்பு வெறுமையாக நின்றது. அவர் வைத்திருந்தது பழைய பதிப்பு. ஒரு எச்சரிக்கையும் இல்லை. முக்கால் மணி நேரம் தரவுத்தளத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார், பாவம். புதிய பதிப்பை நிறுவிக் கொடுத்தேன். ஒரே ஓட்டத்தில், கண்மணி என்ற பண்பு அறிவிக்கப்படவில்லை என்று வந்தது. அக்கா, இது என் பெயரையே சொல்கிறதே என்று வியந்து, உடனே டாலரைத் தானே அழித்தார்.

பிஎச்பியை மட்டும் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். ஜாவா இல்லாத பண்பைத் தொட்டால் நிரலைத் தொகுக்கவே விடாது. ஜாவாஸ்கிரிப்ட் இன்றும் கேட்காமல் உண்டாக்கிக் கொடுக்கிறது. 2022ஆம் ஆண்டின் வரையறையில் பண்புகளைக் கிளாஸுக்குள் அறிவிக்க அதற்கும் வழி வந்துவிட்டது, ஆனாலும் அறிவிக்காததைத் தடுப்பதில்லை. தொடர் பின்னால் அங்கேயும் போகும் என்று எழுதியிருந்தீர்கள். அப்போதும் இதை நினைவில் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு அதே 'மாணவர்' கிளாஸைத் திருத்தி எழுதி ஒரு தாளில் இணைத்திருக்கிறேன். பெயர், ஊர், மதிப்பெண் மூன்றும் அறிவிக்கப்பட்டவை, மூன்றும் பிரைவேட், மூன்றுக்கும் வகை உண்டு. மதிப்பெண்ணுக்குத் தொடக்க மதிப்பு தரவில்லை. தேர்வு எழுதாத மாணவரும் சுழியம் வாங்கிய மாணவரும் ஒன்றாகிவிடக் கூடாது என்பதற்காக அப்படி விட்டிருக்கிறேன். 14 வரிதான், பதிப்பு 8.4இல் ஓட்டிப் பார்த்தது. அடுத்த வாரம் மரபுரிமை, அதாவது ஒரு தாய்க் கிளாஸிலிருந்து சேய்க் கிளாஸை வழிவரச் செய்வது, என்று அறிவித்திருக்கிறீர்கள். தாய்க் கிளாஸில் வகையோடு அறிவித்த, பிரைவேட் அல்லாத பண்பின் வகையைச் சேய்க் கிளாஸ் மாற்ற முடியாது என்பது அங்கே முதல் விதியாக வரும். தாயில் எதுவுமே அறிவிக்காமல் அந்த விதியை எதை வைத்து விளக்குவார்கள்? ஆகவே முடிந்தால் அந்தப் பகுதி அச்சேறுமுன் இந்தத் திருத்தத்தை வெளியிடுங்கள். இடம் போதாது என்றால் என் கடிதத்தை விட்டுவிட்டு அந்த 14 வரியை மட்டும் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
இணைய நிரலாளர்,
விருதுநகர்